நாற்பத்தொன்றாவது இடம்

சியோலில் மாலை ஆறு.
தங்கச்சிமடத்தில் மதியம் இரண்டரை,
கச்சான் காத்தில் கரண்ட் போன இரண்டரை.
இன்வெர்ட்டரில் மூச்சு விடுகிறது என் கடை.
டிஸ்பிளே உடைந்தது, உப்புத்தண்ணி குடித்தது,
ஸ்பீக்கரில் மணல் புகுந்தது என்று
சர்வீசுக்கு வந்த போன் பதினொன்று.
சரியாகிவிட்டவை ஆறு.
அந்த ஆறையும் இன்னும் ஆளிடம் கொடுக்கவில்லை.
ஆறிலும் ஓடுகிறது
ஹனுல் நைனின் புதுப் பாட்டு.

ஒலியை ஒரு கோட்டில் வைக்க வேண்டும்.
ஊமையாக்கினால் கணக்கில் சேராதாம்.
நடுவில் வேறு இரண்டு பாட்டு போட வேண்டும்,
இல்லையென்றால் நம்மை எந்திரம் என்று நினைத்துவிடும்.
இதையெல்லாம் கண்டுபிடித்தவள் ஹலீமத்து,
நண்டுக் கம்பெனியில் என் எதிர்ப் பலகை.
எனக்கு அப்போது பத்தொன்பது.
கால் சதை தனி, உடல் சதை தனி,
கையுறைக்குள் விரல் வெந்துகொண்டிருக்க
ஒன்பது பேரின் பெயரையும் பிறந்த நாளையும்
நான் ஜெபமாலையாக உருட்டினேன், அவள் தஸ்பீஹாக.
பதினாலு வாரம் முதலிடம் அந்த வருஷம்.
‘இனி எவனும் அசைக்க முடியாது’ என்று
ஐஸ் பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதினோம்.
சாயங்காலம் கழுவிவிட்டார்கள்.

நாலாம் வருஷம் மூத்தவன் பட்டாளத்துக்குப் போனான்.
அவன் திரும்பி வர, அடுத்தவன்.
ஒருவனுக்கு முழங்கால்.
ஏழு வருஷ ஒப்பந்தம் முடிந்ததும்
மூன்று பேர் மறுபடி கையெழுத்துப் போடவில்லை.
பெயரில் நைன், மேடையில் நாலு.
அதற்குள் பல் கம்பி கழற்றாத பையன்கள் ஏழு பேர்
எங்கிருந்தோ வந்து தலைகீழாகத் துள்ளுகிறார்கள்.
ஹலீமத்து இப்போது அந்தப் பக்கம்.
கீழக்கரையிலிருந்து வீடியோ அனுப்புகிறாள்:
‘பாரேன், நல்லாத்தான் ஆடுதுக.’
பார்த்தேன். நல்லாத்தான் ஆடினார்கள்.
அதுதான் கோபம்.

பாம்பனில் புதுப் பாலம் தூக்குவதைப் படமெடுக்க
வேன் வேனாகக் கூட்டம்.
பக்கத்தில் நிற்கும் பழையது படத்தில் விழாமலிருக்க
ஒவ்வொருவரும் ரெண்டடி நகர்ந்துகொள்கிறார்கள்.

தடைக்காலம் முடிந்த வாரம் இது.
முதல் பாட்டில் இறால் மலை.
எல்லாப் போட்டிலும் மலை என்பதால் விலை பள்ளம்.
மூன்றாம் பாட்டில் வெறும் சங்காயம்.
பாட்டில் என்றால் எங்கள் கடைத்தெருவில் மூன்று அர்த்தம்:
கடலில் விழுவது,
காதில் விழுவது,
ஆரோக்கியம் அண்ணன் இடுப்பிலிருந்து விழுவது.
மூன்றுக்கும் மறுநாள் காலை ஒன்றுதான்.

மூன்றரைக்கு முதலிடம்!
நான் போட்ட சத்தத்தில்
டீக்கடைக்காரர் பாலைப் பொங்க விட்டார்.
ராத்திரி பதினொன்றுக்குப் பன்னிரண்டு.
விடிந்தபோது நாற்பத்தொன்று.
முதல் மணி நேரத்தை என்னைப் போன்றவர்கள் தாங்கிவிடுவோம்.
இரண்டாம் நாளைத் தாங்க
பேர் தெரியாத யாராவது
பஸ்ஸுக்கு நிற்கும்போது தானாகப் போட்டுக் கேட்க வேண்டும்.

போட் டிரைவர் ரெமிஜியுஸ் வந்தான் போனுக்கு.
‘ஒன்றரை ஜிபி எங்க போச்சு?’
‘அப்டேட்’ என்றேன்.
‘அப்டேட்டா பாடுது?’
ஒரு கோட்டு ஒலியில் அது கசிந்துகொண்டிருந்தது அவன் உள்ளங்கையில்.
காதில் வைத்தான்.
‘என்ன சொல்றான்?’

எட்டு வருஷம்.
யாருக்கு எந்த ரத்த வகை என்று தெரியும்.
எந்த நாட்டில் எத்தனை லட்சம் என்று தெரியும்.
என்ன சொல்கிறான் என்று
இந்தப் பாட்டுக்கு நான் பார்க்கவே இல்லை.

‘கடலைப் பத்தி’ என்று புளுகினேன்.
‘அப்ப சரி’ என்று முழுச் சத்தம் வைத்தான்.
கடை, டீக்கடை, ரோடு, எல்லாம் கொரிய மொழி.
உச்சிக்கு ஏறும் இடத்தில் ஒரு கரகரப்பு.
ஸ்பீக்கர் மணலை நான் சரியாகத் தட்டவில்லையா,
பாடுகிறவன் தொண்டையா,
தெரியவில்லை.

‘திரும்பப் போடு, அந்த இடத்த மட்டும்.’

அந்த இடம் மட்டும் என்றால்
கணக்கில் சேராது.
போட்டேன்.