இருப்புக் கணக்கு

தேறிய செய்தி வெள்ளி பகலில் வந்தது.
திங்களுக்குள் பதினேழு அழைப்புகள்.
லண்டன் தரகர்கள் அத்தனை பேரும்
இஷ்பெல் ரென்னியை
இசபெல் என்றே கூப்பிட்டார்கள்.

பெர்முடாவில் காப்பீடு: வரி இல்லை, கடல் வெதுவெதுப்பு.
எண்ணெய்க் கம்பெனியில் உள்தணிக்கை:
வருஷத்தில் நாற்பது இரவு விமானத்தில்.
இருக்கிற இடத்திலேயே இருந்தால் மேலாளர்;
அதே நாற்காலி, முதுகு மட்டும் சற்று உயரம்.

அபர்டீன் மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்க
சமையலறை மேசையில் தாளை மடித்துக்
கோடு கிழித்தாள். பற்று. வரவு.
மூன்று வருஷப் பழக்கம் விடுமா,
ஒவ்வொரு வரிக்கும் எதிரே
'சான்று?' என்று எழுதிவிட்டாள்.
ஒன்றுக்கும் இல்லை.

நினைவில் வந்தது என்னவோ
பீட்டர்ஹெட் மீன் கிடங்கு.
டிசம்பர் முப்பத்தொன்று.
பேனா எழுத மறுக்க, பென்சிலால்
ஹாடக் பெட்டிகளை எண்ணிய இரவு.
ஏட்டில் நாலாயிரத்துப் பன்னிரண்டு.
அடுக்கில் பதினொன்று குறைவு.
"இவ்வளவு உள்ளே வந்து யாரும் எண்ணியதில்லை"
என்றார் முதலாளி டத்தி.
கோபமா, கூச்சமா,
மூச்சுப் புகையில் முகம் தெரியவில்லை.

பதினெட்டாவது அழைப்பு அவருடையது.
சம்பளம் பெர்முடாவில் பாதி வராது.
"எழுத ஆள் இருக்கிறார்கள்.
எண்ணத்தான் இல்லை."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு
அலமாரியின் அடித்தட்டில்
அந்தத் தடித்த கையுறைகளைத் தேடினாள்.
ஒன்றுதான் இருந்தது.