வரிசை

வேலந்தாவளம் செக்போஸ்டில்
லாரிகள் நின்றதால் நாங்கள் பிழைத்தோம்.
இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.
முத்திரை விழ மூன்று மணி நேரம்,
சில நாள் விடிய விடிய.
எங்கள் முதல் நூறு பொட்டலங்களை
வாங்கியது பசி அல்ல, சலிப்பு.

தகரக் கூரை. ஓர் அடுப்பு. ஒரு வாணலி.
சென்னியப்பன் சீவச் சீவ
நேந்திரன் வட்டங்கள் நேரே எண்ணெயில் விழும்.
கொழுந்தன் வெள்ளிங்கிரி கூடையைத் தூக்கி
வண்டி வண்டியாய் ஏறி இறங்குவான்.
நான் கல்லா.
பிஸ்கட் டின்தான், மூடி சரியாக மூடாது.

இரண்டாம் வருஷம் ஒன்று பிடிபட்டது:
கிழக்கே போகிறவருக்குத் தேங்காயெண்ணெய் வாசம் ஆகாது,
மேற்கே போகிறவருக்கு அது இல்லையென்றால் சிப்ஸே இல்லை.
ஏலச்சீட்டைப் பதினோராயிரம் தள்ளி எடுத்தோம்,
இரண்டாவது வாணலி வந்தது.
ஒரே காய், ஒரே மஞ்சள், ஒரே உப்புத் தண்ணீர்.
இடது வாணலி கேரளம்
வலது வாணலி தமிழ்நாடு
நடுவில் நின்றவர் சட்டையில் இரண்டும்.

ரிப்பன் பக்கோடாவுக்கு அந்தப் பக்கம் பக்காவடை,
அச்சு முறுக்குக்கு அச்சப்பம்.
லேபிளில் பேரை மாற்றினேன்.
கூடவே விலையும் இரண்டு ரூபாய் மாறியது,
கவனித்தவர் குறைவு.

'பச்சைநாயகி ஸ்வீட்ஸ்' பலகை ஏறிய அன்று
எங்களிடம் இனிப்பென்று இருந்தது
கடலைமிட்டாய் மட்டும்.
பலகை பொய்யாகிவிடக் கூடாதே என்று
வெள்ளிங்கிரி அல்வா கிண்டப் பழகினான்.
மூன்று சட்டி தீய்ந்தது.
நாலாவதை யாரிடமும் சொல்லாமல்
அவனே பாதி தின்றுவிட்டான்.

அப்புறம் ஒரு ஜூலையில் சட்டம் மாறியது.
தடுப்புக் கம்பம் வானத்தைப் பார்த்து நின்றது.
வரி போன கையோடு
வரிசையும் போயிற்று.
தூசியை மட்டும் தந்துவிட்டுப் பறந்தன லாரிகள்.
நாற்பது கிலோ மிக்சர் நமுத்தது.
பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனவர்களை
நினைத்துக்கொண்டிருப்பவர் மாதிரி
சென்னியப்பன் ரோட்டையே பார்த்தார்.

நான் கடன் நோட்டைப் புரட்டினேன்.
டிரைவர் பேர், வண்டி நம்பர், ஊர், பாக்கி.
எண்ணிப் பார்த்தால்
எழுபத்தொன்பது ஊர்!
'வசூலுக்குப் போங்க,
போகிற வண்டியில் சரக்கும் போகட்டும்' என்றேன்.

கொல்லங்கோடு, சித்தூர், பொள்ளாச்சி, கிணத்துக்கடவு.
பணம் பாதிகூட வரவில்லை.
கொடுக்க முடியாதவர்கள்
கூச்சத்தில் தங்கள் தெருக்கடையைக் காட்டினார்கள்.
ஒருத்தர் மச்சானின் பேக்கரி,
ஒருத்தர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை.
வராத பாக்கிதான்
எங்களை ஊர் ஊராய்க் கூட்டிப் போனது.

இப்போது ஆறு வாணலி, இருபத்திரண்டு பெண்கள்,
பாக்கெட்டுக்குள் காற்றடைக்கும் மெஷின்,
பாலக்காட்டு பேங்கில் பதினெட்டு லட்சம் கடன்.
கோயம்புத்தூரில் ஏசி கடை வேண்டும் என்கிறான் வெள்ளிங்கிரி.
வேண்டாம் என்கிறார் இவர்.
ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே
என் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள்.
கடன் பத்திரத்தில் கையெழுத்து என்னுடையது.
இன்னும் முடிவு சொல்லவில்லை நான்.

போன செவ்வாய் ஒரு சேலத்து லாரி
யாரும் மறிக்காமலே நின்றது.
டிரைவருக்கு மீசை நரைத்திருந்தது.
'அந்த மஞ்சப் பொட்டலம், பத்து ரூபாதானே?'
'முப்பத்தஞ்சுங்ண்ணா.'
கம்பம் இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்தார்,
எடுத்துக் கொடுத்தார்.
'பழைய பாக்கி நூத்திநாப்பதும் இருக்குங்க.'
சிரித்தபடி ஒரு நூறு ரூபாய் நீட்டினார்.

மீதி நாற்பதை
நோட்டில் ஏற்றினேன்.