கால் பேர்ச்சஸ்

உறுதியின் அட்டவணையில்
என் வீட்டுக்கு வடக்கே இன்னும்
யாரோ ஒரு பெர்னாண்டோவின் தென்னந்தோட்டம் நிற்கிறது.
கொம்பனித்தெருவில் தென்னை பார்த்து
எத்தனை காலம்.
கிழக்கே ஒழுங்கை. மேற்கே
துவான் ஜுனைடீன் வசமுள்ள காணி.
விஸ்தீரணம் ஆறு தசம் நாலு பேர்ச்சஸ்,
ஏறக்குறைய.

அந்த ஏறக்குறையில்தான் வழக்குப் போட்டேன்.

ஜுனைடீனின் மகள் ரொஸானா
மேல்தட்டுக்குக் கூரை இறக்கினாள்.
தகரத்தில் ஆறு அங்குலம் என் பக்கம்.
மழைக்குக் கொடியில் உடுப்பு நனைந்தது.
மழைக்கு உடுப்பு நனையும்தானே என்றான் மகன்,
பிறிஸ்பேனிலிருந்து,
பின்னால் யாருடையதென்று தெரியாத ஒரு மரவேலி.

புதுக்கடையில் பதினொரு தவணை.
ஒன்றுக்கு நீதிபதி லீவு,
ஒன்றுக்கு எதிராளியின் சட்டத்தரணிக்கு டெங்கு,
ஒன்றுக்குக் கோப்பையே காணவில்லை.
பன்னிரண்டாவதில்
நில அளவையாளருக்கு ஆணை போனது.

லியனாராச்சி வெயிலோடு வந்தார்.
முக்காலி நிறுத்தினார்.
முப்பத்தெட்டாம் ஆண்டுப் பிளானை
என் வோஷிங் மெஷின்மேல் விரித்து
நாலு மூலைக்கும் நாலு உருளைக்கிழங்கு வைத்தார்.
பிளேன்ரீ குடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று கிழமையால் அறிக்கை வந்தது, சிவப்புக் கோட்டோடு.
அவளுடைய தகரம் ஆறு அங்குலம். சரி.
என் குசினி நாலு அடி.
நீளம் பதினேழு.
கால் பேர்ச்சஸ். இங்கே ஏறக்குறைய இல்லை.

அடுப்பு அவளுடைய காணியில்.
பைப்பு அவளுடைய காணியில்.
முப்பது வருஷமாய்
நான் வெங்காயம் உரித்து அழுததெல்லாம்
பக்கத்து வளவில்.

சட்டத்தரணி அருமைநாயகம் சிரித்தார்.
"பயப்படாதீங்கோ. தொண்ணூற்றொன்றில் கட்டினது.
பத்து வருஷம் போதும்.
எதிரிடையாக, இடையூறின்றி, தொடர்ச்சியாக இருந்தால்
ஆட்சியுரிமை. காணி உங்களுடையதுதான்.
ஒன்று மட்டும்:
அவர் சம்மதிச்சுக் கட்டினதெண்டு
ஆரும் சொல்லக்கூடாது.
சம்மதம் இருந்தால் ஆட்சி இல்லை."

சொல்ல யார் இருக்கிறார்கள்?
மேசன் சிறில் பாஸ் போய்விட்டான்.
பெனடிக்ற் போய்விட்டார்.
ஜுனைடீன் குப்பியாவத்தை மையவாடியில்,
அங்கே அவருக்கு எல்லைத் தகராறு கிடையாது.

அன்று சிறில் நூல் பிடித்து நின்று
"நோனா, நூல் அந்தப் பக்கம் போகுது" என்றான்.
நான் வாய் திறக்கவில்லை.
வயிற்றில் மகன், ஏழு மாதம்.
பக்கத்து ஜன்னலில், பாதிச் சவரத்தோடு ஒரு முகம்:
"கட்டுங்க, கட்டுங்க.
புள்ள வரப்போகுது,
குசினி கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."
சவர்க்கார நுரை ஒரு சொட்டு
நனைந்த சீமெந்தில் விழுந்தது.
சிறில் அதையும் சேர்த்துப் பூசினான்.

அவர் ஏசி, நான் கேளாமல் கட்டியிருந்தால்
இன்று அந்தக் காணி எனக்கு.
சரி என்றார்.
அதனால் எனக்கில்லை.
சட்டத்தை நான் எத்தனை தரம் திருப்பிப் பார்த்தும்
அது அப்படியேதான் இருக்கிறது.

சத்தியக் கடதாசி மேசையில்.
ஐந்தாம் பந்தி:
மேற்சொன்ன துவான் ஜுனைடீன்
எக்காலத்திலும் அனுமதி வழங்கியதில்லையென
நான் உண்மையாகவும் நேர்மையாகவும்.
முத்திரை ஒட்டியாயிற்று.
திகதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.

மழை பிடித்துவிட்டது.
அந்த ஆறு அங்குலத் தகரத்தில் விழுந்து
இந்தப் பக்கம் கொட்டுகிறது.
மேலிருந்து ரொஸானா கத்துகிறாள்,
வழக்கு நடக்கும் இரண்டரை வருஷத்தில் முதல் பேச்சு:
"ஆன்டி, உடுப்பு நனையுது!"

பேனையை மூடாமல் எழும்பினேன்.
கொடிக்குப் போவதென்றால்
நாலடி
அவளுடைய காணியைக் கடக்க வேண்டும்.