ஆறாங்கட்டையில் லைன் இல்லை

அந்த நிறுத்தத்துக்குப் பெயர் இருந்ததில்லை.
"பழைய ஸ்டோருக்கு எதிர்த்தாப்ல" என்போம்.
இப்போது ஒரு கம்பம் நட்டு எண் எழுதியிருக்கிறார்கள்.
கம்பத்தில் கறுப்பு வெள்ளையாய் ஒரு சதுரம்;
கைப்பேசியைக் காட்டினால்
பஸ் எங்கே வருகிறதென்று சொல்லும்.

முதல் நாள் நம்பவில்லை.
கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்டு முடிந்து
விரலிடுக்கில் மாவோடு நின்ற ஒன்பது பேரும்
மனோன்மணியின் போனை மொய்த்துக்கொண்டோம்.
ஒரு நீலப் பொட்டு
பாலத்தைக் கடந்தது,
சீனக் கோயில் வளைவில் தயங்கியது.
நிமிர்ந்தால்
தகரமும் புகையுமாய் அதே பொட்டு
எதிரே மூச்சுவாங்கி நிற்கிறது.
"என்ன, பேயைப் பார்த்த மாதிரி?"
மலாயில் கேட்டுக்கொண்டே ரோஸ்லி கதவைத் திறந்தான்.

பதினோரு வருஷம்
அந்தச் சாலையின் கோணலையே பார்த்து நின்றவள் நான்.
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்போம்,
போய் வருவதற்குள் போய்விடுமோ என்று.
மழைக்கு ஒதுங்கினால்
ஆளில்லை என்று ஓட்டிவிடுவார்கள்.
முப்பது காசு குறைந்ததென்று
ஒருமுறை நடுச் செம்பனையில் இறக்கிவிட்டான் ஒருவன்.
இப்போது அட்டையைத் தொட்டால்
ஒரு குருவிச் சத்தம்.
அவ்வளவுதான் கணக்கு.

நேரம் மிச்சம் என்கிறார்கள்.
மிச்சம் எங்கே போகிறதென்று யாரும் கேட்பதில்லை.
என்னுடையது
ஹனிபா கடையின் பின்மேசையில்
ஒரு கிளாஸ் தே ஓவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.
மூன்று பத்தை விட்டுவிடுவேன்.
அடுத்தது நாலு ஐந்துக்கு, நிச்சயம் என்று தெரிந்தபின்
விடுவதற்கும் ஒரு தைரியம் வருகிறது.
ஐம்பத்தைந்து நிமிடம்.
ஒன்றும் செய்வதில்லை.
சப்பாத்தைக் கழற்றிக் கால்விரல்களை விரிப்பேன்.
பக்கத்து மேசைக்காரர்களின் சண்டையை
முழுசாகக் கேட்பேன்.

வீட்டில், "பஸ் லேட்டு."
பதினோரு வருஷ உண்மை,
பொய்யான பிறகும்
கொஞ்ச காலம் செல்லுபடியானது.

போன மாதம் ஷர்வின்
அவன் அப்பாவின் போனிலும் செயலியை இறக்கிவிட்டான்.
"அம்மா எங்க வர்றாங்கன்னு இனிமே
பாத்துக்கிட்டே இருக்கலாம்ப்பா."
நல்ல மனசு பிள்ளைக்கு.
எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

காப்பாற்றியது ஆறாங்கட்டை.
அங்கே செம்பனை கூடிக் கவிந்து
லைன் செத்துப்போகும்.
பொட்டு அப்படியே நிற்கும்,
சில நாள் பத்து நிமிடம், சில நாள் இருபது.
"ஆறாங்கட்டைல நின்னுச்சே பஸ்ஸு?" என்பார்.
"கொலை ஏத்துன லோரி ஒண்ணு குறுக்க."
இல்லாத லோரிகள் எத்தனையோ
அந்த ஆறாங்கட்டையில் கவிழ்ந்து கிடக்கின்றன.

நேற்று ரோஸ்லி சொன்னான்,
அங்கே கோபுரம் எழுப்புகிறார்களாம்.
அடுத்த மாதம் முதல் பொட்டு நிற்காதாம்.
சந்தோஷமாகச் சொன்னான்.
சந்தோஷம்தான்.
மனோன்மணியின் மகள்
மாலை வகுப்பு முடிந்து இருட்டில் அந்த வழியாகத்தான் வருகிறாள்.
அவள் பொட்டு நிற்கும்போதெல்லாம்
இவளுக்கு நெஞ்சு நிற்கும்.

இன்று நாலரைக்கு வீடு.
இரவு ஜாகா வேலைக்குச் சட்டையை மாட்டியபடி
போனிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்:
"மூணு பத்து சரியா வந்துச்சு போலயே?"

"வந்துச்சு," என்றேன்.
"நான்தான் வரல."

பொட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பொத்தான் ஒன்று தப்பான ஓட்டையில் ஏறியிருந்தது,
அவிழ்த்து மறுபடி போட்டார்.

படியிறங்கும்போது
முதுகு காட்டியபடியே:
"நாளைக்கும் நாலு அஞ்சா?"