நீலம் என்றால் நில்

இரவு பத்தரைக்கு மேல்
நான் சேர்மாதேவி.
பகலில், பேட்டை எடைமேடையில்
நெல் லாரிகளுக்குச் சீட்டு கிழிப்பவன்.

மாடியறைத் தகரம் இன்னும் ஆறவில்லை.
கணினியைத் திறந்தால்
கறுப்புத் திரையில் மூன்று கோடுகள்:
மெயின், லூப்,
சரக்குப் பெட்டிகள் உறங்கும் ஒரு முட்டுத்தடம்.
இவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

சிக்னல் பொத்தானையும் பாதைப் பொத்தானையும்
ஒருசேர அமுக்க வேண்டும்.
பாயிண்ட் நகர ஐந்தாறு வினாடி.
அதுவரை அந்தச் சின்னக் கட்டம் சிமிட்டிக்கொண்டிருக்கும்,
பொய் சொல்லலாமா என்று யோசிக்கிற பிள்ளை மாதிரி.
பிறகு வெள்ளைப் பட்டை நீளும்.
தடம் பூட்டிக்கொண்டது.

வண்டி ஏறினால் வெள்ளை மாறும்.
இதைச் செய்தவன் அங்கே சிவப்பு வைத்திருந்தான்.
நான் நீலமாக்கிக்கொண்டேன்.
பச்சையை மஞ்சளாக்கினேன்.
எச்சரிக்கைக்கு நிறம் மிஞ்சவில்லை,
ஒரு முக்கோணம் போட்டிருக்கிறேன்.

எழுத்துத் தேர்வில் தேறியவன்தான்.
மனத்திறன் தேர்விலும்.
மதுரையில் ஒரு டாக்டரம்மா
புள்ளிகளால் ஆன புத்தகத்தை விரித்தாள்,
நாவல்பழம் சிந்தி மிதிபட்ட தரைபோல.
'என்ன நம்பர்?'
'இருபத்தொன்று.'
'நல்லாப் பாருங்க.'
நல்லாத்தான் பார்த்தேன்.
எனக்கு முன்னால் நின்ற கடையநல்லூர்க்காரன்
எழுபத்துநாலு என்றிருந்தான்.
அவன் பொய் சொல்லித் தேறிவிட்டான் என்று
திரும்பி வரும் பஸ்ஸில்
கோவில்பட்டி வரை நம்பினேன்.

அம்பை பேனலில் ஒரு பெண் உட்காருகிறாள்.
குவைத்தில் நர்ஸ், ஊர் நாசரேத் பக்கம்.
ஜெபக்கனி என்ற பெயர்
ஒருமுறை பேச்சுவாக்கில் வந்து விழுந்தது.
இருவரும் அதை எடுக்கவில்லை.
அவள் அம்பை. நான் சேர்மாதேவி.
ஒற்றைத் தடத்தின் இரண்டு முனைகள்.

'செங்கோட்டை பாசஞ்சர் நிக்கி. லைன் கிளியர் தாரும்.'
'தாரேன், எழுதிக்கோரும். எழுபத்துநாலு.'

எழுதினேன்.
காதால் கேட்டால்
எனக்கும் எழுபத்துநாலுதான்.

எழுதிய கை சும்மா இருந்திருக்கலாம்.
மெயினில் நின்ற பாசஞ்சரை விட்டுவிட்டு
லூப்பில் கிடந்த கூட்ஸுக்குப் பாதை போட்டுவிட்டேன்.
ரத்து செய்ய நூற்றிருபது வினாடி.
எடுத்த பாதையை உடனே திருப்பித் தராது இந்த எந்திரம்.
கவுண்டரில் ஓர் எண் ஏறியது: பதின்மூன்று.
ஆட்டத்தை அணைத்துப் போட்டாலும்
அது பூஜ்யத்துக்குத் திரும்பாது.

அந்த இரண்டு நிமிடமும்
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
ஹெட்போனில் அவள் அறையின் ஏசி,
எங்கோ ஒரு கதவு,
மூச்சு.

நிஜ வண்டி ஒன்று
அப்போதுதான் பேட்டை அவுட்டரில் வந்து நின்றது.
என் ஜன்னலிலிருந்து கம்பம் தெரியும்.
மூன்று விளக்கில் அடியில் இருப்பது எரிகிறது,
என் கண்ணுக்கு வெல்லக்கட்டி நிறத்தில்.
கீழே எரிந்தால் நில்.
மேலே எரிந்தால் போ.
நடுவில் என்றால் பார்த்துப் போ.
இதற்கு நிறம் எதற்கு என்று
டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால்,
'அடைமழையில் கம்பமே தெரியாமல்
வெளிச்சம் மட்டும் தெரிந்தால்?' என்றிருப்பாள்.
சரிதான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திரையில் வெள்ளை அணைந்தது.
சரியான பாதையைப் போட்டேன்.
பாசஞ்சர் கிளம்பி, நீலமாய் ஊர்ந்து,
என் எல்லையைத் தாண்டி
அவள் கைக்குப் போனது.

வெளியே கம்பத்தில்
வெளிச்சம் மேல்விளக்குக்குத் தாவியது.
ஊதினான் டிரைவர்.
மைக்கில் அது புகுந்து
குவைத் வரை போயிருக்க வேண்டும்.

'ஏ சேர்மாதேவி,
இது ஆட்டத்து வண்டியா, நெச வண்டியா?'

'அவுட்டர்ல நின்னது' என்றேன்.
'விட்டாச்சு.'