செலவினம்: பனிக்கட்டி

ஏப்ரல் கடைசி வாரம்,
தண்டர் பேயில் ஏரி இன்னும் முழுதாய் விடாத நாட்களில்
எஸ்கோ ரவுத்தியோ வருவார்
காலணிப் பெட்டியோடு.
பெட்டிக்குள் ஓராண்டு ரசீதுகள்.
ஒன்றிரண்டில் மீன் வாசம்.

பத்தொன்பது ஆண்டுகளாய் அவர் வரிக்கணக்கு என் கையில்.
அவரை நான் அறிந்ததெல்லாம்
பற்றிலும் வரவிலும்தான்.

வரவு:
பெல்ஜியத்திலிருந்து பதினான்கு டாலர் இருபது சதம்.
ஒசாகாவில் யாரோ ஒருவர்
ஒரே இசைத்தட்டை மூன்று பிரதி வாங்கியிருக்கிறார்.
ஒரு பல் மருத்துவர், காத்திருப்பு அறைக்காக,
ஆண்டுக்கு நாற்பது.

பற்று:
நீருக்கடியில் கேட்கும் மைக் இரண்டு.
காந்த நாடா.
மேலும் காந்த நாடா.
பனிக்கட்டி, ஒரு பாளம், வண்டிக்கூலி உட்பட.
இதை எந்தத் தலைப்பில் எழுத என்றேன்.
"வாத்தியம்."
தேய்மானம் எத்தனை சதவீதம்?
சிரிக்காமல் சொன்னார்,
"மே மாதத்துக்குள் நூறு."

எழுபத்து நான்கில் முதல் தட்டு.
துறைமுகத்துத் தானியக் குதிர்கள் ஏழு,
குதிருக்கு ஒரு பாட்டு.
பாட்டு என்று வாய்தவறிச் சொல்கிறேன்,
சொல் ஒன்றும் கிடையாது.
ஏழாவது குதிர் காலி. அதுதான் நீளம்,
இருபத்திரண்டு நிமிடம்.
பிறகு, மேற்கே போய்க்கொண்டே இருக்கும் சரக்கு ரயில்,
இரட்டைத் தட்டு.
பிறகு, மார்ச்சில் கடிகாரத்தை முன்னே தள்ளும் இரவு,
அதில் காணாமல் போகும் ஒரு மணிநேரம் மட்டும்.
எனக்கு முன்னிருந்தவர் விட்டுப்போன கோப்பில்
எண்பத்தாறு: சின்தசைசர், முப்பத்தாறு தவணை.
எண்பத்தொன்பது: தவணை முடிந்தது.
மண நிலை என்ற கட்டத்தில்
பேனா மை மாறியிருக்கிறது.
அந்த ஆண்டு தட்டு ஏதும் இல்லை.

ஒருமுறை வரித்துறை கடிதம் போட்டது.
இது தொழிலா, பொழுதுபோக்கா?
லாபம் வரும் என்று எதிர்பார்க்க
நியாயமான காரணம் உண்டா?
பதில் எழுதவேண்டியவள் நான்.
அதற்காகத்தான் முதன்முதலாய்க் கேட்டேன்,
கடைகள் மூடிய வாகனத் தரிப்பிடத்தில்,
காருக்குள், பிப்ரவரியில்.

தம்பூராவை மீட்டி வைத்துவிட்டுப்
பாடகர் எங்கோ எழுந்து போய்விட்டார் என்றே நினைத்தேன்.
வருவார் வருவார் என்று ஒன்பது நிமிடம்.
இடையில் எங்கோ இரும்பு இரும்போடு உரசியது.
பத்தாவது நிமிடம்
எஞ்சின் இரைச்சல் குறுக்கிடுகிறதே என்று அணைத்தேன்.
சூடு போயிற்று.
கண்ணாடி உள்பக்கமாய் உறைந்தது.
வீட்டிலிருந்து இருமுறை அழைப்பு,
எடுக்கவில்லை.

பொழுதுபோக்கு அல்ல ஐயா,
பொழுதை இவர் போகவே விடுவதில்லை
என்று தமிழில் தோன்றியது.
ஆங்கிலத்தில் அது நிற்கவில்லை.
பேசாமல் அட்டவணைகளை இணைத்து அனுப்பினேன்.
ஒப்புக்கொண்டார்கள்,
பனிக்கட்டி தவிர.

இந்த ஆண்டு பெட்டியைத் திறக்க
அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
மேலேயே இருந்தது ரசீது:
செவிக் கருவி, ஒரு ஜோடி.
அடியில் புதுத் தட்டு, முப்பத்திரண்டாவது.
"நாலாவதைக் கேளுங்கள்" என்றார், உரத்து,
தன் குரல் தனக்கே எட்டாதவர்போல.

கேட்டேன்.
ஆழத்தில் சன்னமாய் ஒரு முனகல்.
எங்கோ கேட்டதுபோல் இருந்தது. என் அறையின் சூடேற்றி.
எந்த ஏப்ரலில் பெட்டிக்குள் மைக்கை ஒளித்து வந்தாரோ.
காகிதம் புரள்கிறது.
எண்களைத் தட்டும் ஓசை, மழை பிடித்ததுபோல்,
விட்டதுபோல்.
ஏழாவது நிமிடத்தில் ஓர் இருமல்.
என்னுடையது.
முப்பத்திரண்டு தட்டுகளிலும்
மனிதத் தொண்டை அது ஒன்றுதான்.

அனுமதி கேட்டீர்களா என்று கேட்டிருக்கலாம்.
உரிமைத்தொகையில் எனக்கென்ன பங்கு என்றும்.

செவிக் கருவியை
மருத்துவச் செலவில் போடுவதுதான் பாதுகாப்பு,
யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.
வாத்தியம் என்று எழுதினேன்.
கேட்கட்டும்.