உதடுகளுக்கு வித்தியாசம் தெரியாது

அரிசி களைந்த தண்ணீர் போல வந்தது
முதுகில் குத்தி எடுத்தது.
தெளிவாக வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.
பர்மியச் சொற்களில் பாதி புரியவில்லை.
கலங்கலைப் பார்க்க மொழி வேண்டியதில்லை.

கழுத்து மரக்கட்டை.
ஐந்து வயதுக்காரன்
முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு
விளக்கை அணை, அணை என்றான்.
நான் சரி என்றது கேட்டிருக்கும்.
அதுவே கடைசியாகவும் இருக்கலாம்,
யார் குறித்துவைத்தது.

மருந்து வெளியேதான் வாங்க வேண்டும்.
ஸேஜோ சந்தில், நாளுக்கு இரண்டு குப்பி, பத்து நாள்.
மூன்றாம் நாள் ஒரு வளையல்,
ஏழாம் நாள் இன்னொன்று.
அவன் மஞ்சள் அட்டையில் ஒரு கட்டம் காலி:
ஊசி போடுகிறவர்கள் வராமல் போன வருஷம்.
பத்து நாளும் அந்தக் கட்டத்தை
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் மி சான் தா,
மோன் பிள்ளை, இரண்டு வயது.
ஆறாம் நாள் விடிந்தபோது பாய் மட்டும் இருந்தது.
அவள் அம்மா ஐஸ் டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.
மிச்சமிருந்த ஐஸை
இவன் நெற்றியில் வைத்தேன்.
வைத்தேன். என்ன செய்ய.

வீடு. மோல்மேன் மழை. தகரக் கூரை.
முன்பெல்லாம் இடி இறங்கினால்
என் தமெயினுக்குள் முகத்தைப் புதைப்பான்.
இப்போது தூங்கினான்.
பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது என்று
தாய்லாந்தில் இறால் உரிக்கிற மனிதரிடம்
போனில் பெருமை பேசினேன்,
இரண்டு வாரம் பேசினேன்.

பிறகு ஒருநாள் சட்டிமூடி கைதவறி
அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது.
தெருநாய் எழுந்து ஓடியது.
அவன் தீப்பெட்டி வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தான்.
சித்திரவேலு என்றேன்.
பள்ளிக்கூடப் பெயர் சொல்லி, தூரெய்ன் என்றேன்.
எந்தப் பெயருக்கும் ஆளில்லை.

இரண்டு காதும், என்றாள் யாங்கோனில் சோதித்த பெண்.
தாமதித்தால் உள்ளே எலும்பு வளர்ந்து
கருவிக்கு இடமில்லாமல் போகும் என்றாள்.
விலையைச் சொல்லாமல் தாளில் எழுதினாள்,
சுழியங்களை மெல்ல, ஒவ்வொன்றாக.
வீட்டில் ஒரே மொழியாக வையுங்கள் என்றாள்.
தலையாட்டினேன். எந்த மொழியில் தலையாட்டினேன் என்று தெரியவில்லை.

இன்னும் பேசுகிறான்.
ஆனால் சொற்கள் ஓரத்தில் தேய்கின்றன.
முதலில் ச போனது.
சர்க்கரை கேட்கிறான், அக்கரை என்று வருகிறது.
ழ போகவில்லை. அது என்னிடமே இருந்ததில்லை.

கண்ணாடி முன் உட்கார்ந்து பழகுகிறோம்.
அப்பா என்றேன், என்னைத் தொட்டான்.
அம்மா என்றேன், போனைத் தொட்டான்.
எரிச்சலில் கத்தினேன்.
கத்தினாலும் அதே உதடு.
அப்போதுதான் கண்ணாடியில் நானே பார்த்தேன்,
அம்மாவும் அப்பாவும்
ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி திறப்பதை.

விளையாட்டாக என் மூக்கில் விரல் வைத்தான்.
அம்மா என்றேன். விரல் அதிர்ந்தது.
அப்பா என்றேன். மூக்கு சும்மா கிடந்தது.
இன்னொரு தரம் என்று கையைக் காட்டினான்.
இன்னொரு தரம்.
சோறு குழைந்து அடிப்பிடிக்கும் வரை.

ஞாயிறு இரவு போன்.
திரையில் அவர் முகம் துண்டு துண்டாக.
இவன் கண்ணாடிமேல் விரல் வைத்து
அவர் மூக்கைத் தேடிப் பிடித்தான்.
பேட்டரி தீரப்போகிறதென்று
போன் ஒருமுறை அதிர்ந்தது.

அம்மா, என்றான் அவரைப் பார்த்து.

ம், என்றார் அவர்.